மின்சாரம் வந்த வழி – 17: கம்பிகள் கூடும் முற்றம்

தமிழ்நாட்டு மின்சார வரலாறு என்றால் உற்பத்தி நிலையங்களின் வரிசைதான் நினைவுக்கு வரும். 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம், 1962-இல் நெய்வேலி. இந்த வரிசையில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடமில்லை. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே பச்சைமலை. நடுவே மானாவாரிக் காடுகளும் ஏரிப் பாசனமும். அணை கட்டி மின்சாரம் எடுக்கும் அளவுக்கு நீர் இங்கே விழுவதில்லை. நாட்டுக்கெல்லாம் கொடுக்கும் அனல்மின் நிலையமும் கிடையாது.

ஆனால் இரவும் பகலும் நிற்காமல் சுழலும் சிமெண்டு உலைகள் இங்கே இருக்கின்றன. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் மின்சார எஞ்சின்கள் அரியலூரைக் கடந்து ஓடுகின்றன. மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் கிணற்று மோட்டார்கள் ஓடுகின்றன. எங்கோ பிறந்த மின்சாரத்தை இத்தனை பேருக்கும் அறாமல் கொண்டுவந்து சேர்த்தவை, சாலையோரம் வேலி போட்டு சல்லி கொட்டிக் கிடக்கும் முற்றங்கள்தான். சுவிட்சிங் ஸ்டேஷன்கள், துணைமின் நிலையங்கள். இவற்றுக்குத் திறப்பு விழா நடந்தாலும் மறுநாளே ஊர் மறந்துவிடும். உற்பத்தி இல்லாத இந்த மண்ணில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் வேலை தெளிவாகத் தெரிகிறது.

முதலில் அந்த முற்றத்துக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

துணைமின் நிலையம் என்றால் பொதுவாக அங்கே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். உயர்ந்த அழுத்தத்தில் வந்ததைக் குறைத்து அனுப்பும். சுவிட்சிங் ஸ்டேஷனில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டியதில்லை. 230 கேவியில் (கிலோவோல்ட்) வந்தது 230 கேவியாகவே போகும். அழுத்தம் மாறுவதில்லை, வழி மாறுகிறது. விருத்தாசலம் ஜங்ஷன் எந்தச் சரக்கையும் செய்வதில்லை. ஆனால் அது இல்லையென்றால் கடலூர் வண்டியும் சேலம் வண்டியும் திருச்சி வண்டியும் ஒன்றையொன்று சந்திக்க முடியாது. அதுபோலத்தான் இதுவும். நான்கு திசையிலிருந்து வரும் லைன்கள் தலைக்கு மேலே ஓடும் தடித்த குழாய்களிலோ கம்பிகளிலோ வந்து சேர்கின்றன. அதற்குப் பெயர் பஸ்பார். ஒவ்வொரு லைனுக்கும் பஸ்பாருக்கும் நடுவே ஒரு பிரேக்கர், அதன் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி லைனைப் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர், லைனைத் தரையோடு கட்டிப்போட ஓர் எர்த் சுவிட்ச், கோளாறைக் கண்டு பிரேக்கருக்கு ஆணையிடும் ரிலே, ஓடும் கரண்டை அளந்து அந்த ரிலேவுக்குச் சொல்லும் கருவிகள். இந்த ஒரு தொகுதியை பே என்கிறார்கள். ஒரு நிலையம் எவ்வளவு பெரியது என்று மின்வாரியத்துக்காரர்களிடம் கேட்டால் ஏக்கரைச் சொல்ல மாட்டார்கள். எத்தனை பே என்றுதான் சொல்வார்கள்.

இவற்றில் உயிர்நாடி பிரேக்கர். வீட்டுச் சுவிட்சை அணைப்பதுபோல 230 கேவி லைனை அணைக்க முடியாது. தொடுமுனைகள் பிரிந்த பிறகும் நடுவிலுள்ள காற்றே பற்றிக்கொண்டு கரண்டைக் கடத்தும். அந்த நெருப்பு வில் அணையாவிட்டால் பிரித்தும் பயனில்லை. மாறுதிசை மின்சாரத்தில் ஒரு வசதி உண்டு. நொடிக்கு 50 சுற்று ஓடும் கரண்டு, நொடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுச் செல்கிறது. பிரேக்கர் காத்திருந்து பிடிப்பது அந்தக் கணத்தை. பழைய பிரேக்கர்கள் எண்ணெய்க்குள் பிரிந்தன. பிறகு அழுத்தக் காற்றை ஊதி அணைத்தார்கள். இன்று உயர் அழுத்தத்தில் பெரும்பாலும் எஸ்.எஃப்.6 என்ற வாயு. லைனில் கோளாறு என்று ரிலே கண்டுகொண்டு, பிரேக்கர் பிரிந்து, வில் அணைவது வரைக்கும் எல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட வேண்டும். மனிதர் யாரும் பார்த்துச் செய்யக்கூடிய வேலையல்ல இது.

உயர் அழுத்தம் எதற்கு என்ற கேள்விக்குச் சின்னக் கணக்கு போதும். அதே அளவு மின்சாரத்தைப் பத்து மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் கம்பியில் ஓடும் கரண்டு பத்தில் ஒன்றாகும். கம்பி சூடேறி வீணாவது நூறில் ஒன்றாகும். பைக்காராவிலிருந்து கோயம்புத்தூருக்கு 66 கேவியில் கொண்டுவந்தார்கள். மேட்டூரில் 110 வந்தது. குந்தா திட்டக் காலத்தில் 230. நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தோடு 400. ஒவ்வொரு படி ஏறும்போதும் தூரம் சுருங்கியது. கூடவே, கம்பிகள் சந்திக்கும் முற்றங்களின் பொறுப்பும் கூடியது.

கம்பிகளைச் சந்திக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் முதலில் வேர்விட்டது ஈரோட்டில். அதற்குக் காரணம் தஞ்சை நெல். மேட்டூர் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28 வரை டெல்டாவுக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். தண்ணீர் போகும்போது மின்சாரம் வரும். மதகு மூடினால் மின்சாரமும் ஒடுங்கும். நீலகிரியின் பைக்காராவுக்கு அந்தக் கட்டு இல்லை. மலை மேலே தேக்கி வைத்து, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். ஒன்று மெலியும் மாதங்களில் மற்றொன்று தாங்க வேண்டுமென்றால் இரண்டும் ஓரிடத்தில் கைகோக்க வேண்டும். பைக்காராவும் மேட்டூரும் ஈரோட்டில் இணைக்கப்பட்டன. காவிரிக்கரை விவசாயிக்கு மதகு மூடும் தேதி, கோயம்புத்தூர் ஆலை முதலாளிக்கு நூல் இழை அறாத இரவு, இரண்டையும் ஒரு முற்றத்தில் வைத்துச் சமன் செய்தார்கள். தமிழகத்தின் மின்தொகுப்பு அங்கே பிறந்தது என்று நான் கருதுகிறேன். பிற்காலத்தில் மாநிலத்தின் மின்சுமையைப் பங்கிட்டுக் கண்காணிக்கும் மையங்கள் சென்னையோடு மதுரையிலும் ஈரோட்டிலும் அமைந்தன.

மேட்டூர் மின்சாரம் காவிரி போன வழியே திருச்சிக்கும் தஞ்சைக்கும் இறங்கியது. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தின் வடக்கு, வடகிழக்குத் தாலுகாக்கள். ஆற்றோரத்தில் போன பெரிய லைனிலிருந்து தள்ளியிருந்த ஊர்கள். 1957 ஜூலை 1-இல் தமிழ்நாட்டின் மின்வாரியம் உருவாகி, கிராமங்களுக்கும் கிணறுகளுக்கும் லைன் இழுப்பது பெரும் இயக்கமாக நடந்தது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முனையிலிருந்து மட்டும் ஊட்டம் பெறும் லைனுக்கு ஒரு பலவீனம் உண்டு. கிளை நீளநீள வால்முனையில் அழுத்தம் சரியும். நடுவில் ஒரு பீங்கான் வெடித்தாலும் அதற்கு அப்பால் உள்ள அத்தனை ஊரும் இருளும். பம்புசெட் மோட்டார் குறைந்த அழுத்தத்தில் அதிகக் கரண்டு இழுத்து, காயில் எரிந்துபோகும். காயில் கட்டக் கொடுத்த காசை வைத்தே மின்வாரியத்தைத் திட்டிய தலைமுறை ஒன்று இந்தப் பக்கத்தில் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது. அவர்களுக்குக் குறைவாக இருந்தது மின்சாரம் மட்டுமல்ல, இரண்டாவது வழி.

அந்த இரண்டாவது வழியைக் கொண்டுவந்ததில் சுண்ணாம்புக் கல்லுக்குப் பங்கு உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மண் கடலுக்கு அடியில் இருந்தது. காரை, சாத்தனூர் பக்கம் கிடைக்கும் கல்லான சிப்பிகளும் கல்லான மரமும் அதற்குச் சாட்சி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பை நம்பி 1939-இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை எழுந்தது. அது இன்றைய மாவட்ட எல்லைக்குச் சற்று வெளியே. 1979-இல் அரியலூரில் அரசின் டான்செம் ஆலை. பிறகு 1990-களிலும் 2000-களிலும் ஆலத்தியூர், கோவிந்தபுரம், தளவாய், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர், தாமரைக்குளம் என்று வரிசையாகத் தனியார் ஆலைகள்.

சிமெண்டு ஆலை சாதாரணப் பயனாளி அல்ல. கல்லையும் கிளிங்கரையும் மாவாக்கும் மில்களின் மோட்டார்கள் பெரியவை. ஒன்றைக் கிளப்பும்போதே பக்கத்து ஊர் விளக்கு மங்கும், அந்த இடத்தில் தொகுப்பு வலுவாக இல்லையென்றால். அதைவிட முக்கியம், கில்ன் என்று அழைக்கப்படும் உருளை உலை. உள்ளே 1,450 டிகிரி சூடு. நிமிடத்துக்குச் சில சுற்றுகளாக மெல்லச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். சுழற்சி நின்றால் இரும்பு ஓடு தன் சூட்டிலும் எடையிலும் வளைந்துவிடும். அதனால்தான் எந்த ஆலையிலும் கில்னைத் திருப்ப மட்டும் ஒரு அவசர எஞ்சின் தயாராக இருக்கும். முழு மின்தடை கூட வேண்டாம். கண் இமைக்கும் நேரம் அழுத்தம் தாழ்ந்தாலே கட்டுப்பாட்டுக் கருவிகள் விழுந்து, உலை மீண்டும் பழைய நிலைக்கு வரப் பல மணி நேரம் ஆகும். ஆகவே இத்தகைய ஆலைகள் உயர் அழுத்தத்தில், பிரேக்கரும் ரிலேவும் ஒழுங்காக உள்ள முற்றத்திலிருந்து மின்சாரம் கேட்டன. சொந்த அனல்மின் நிலையமும் கட்டிக்கொண்டன. சொந்த நிலையம் உள்ள ஆலைக்கும் தொகுப்போடு சேரும் அந்த பே தேவைப்பட்டது. தன் இயந்திரம் நின்றால் பிடித்துக்கொள்ள அதுதான் கை.

இன்னொரு காரணம் நெய்வேலி. வரைபடத்தில் நெய்வேலியையும் திருச்சியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அந்தக் கோடு அரியலூர் மாவட்டத்தின் மேலேதான் போகும். 1962-இல் சோவியத் உதவியுடன் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. 1986-இலிருந்து 1993-க்குள் 210 மெகாவாட் வீதம் ஏழு இயந்திரங்களுடன் இரண்டாவது நிலையம் வந்தது. அதன் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமல்ல, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் எல்லாவற்றுக்கும் பங்கு. மேற்கே மேட்டூரையும் கிழக்கே நெய்வேலியையும் பார்த்து நிற்கும் இடமாக நம் வட்டாரம் மாறியது. இரு பக்கத்திலிருந்தும் ஊட்டம் பெறும் வாய்ப்பு அப்போதுதான் வாய்த்தது.

இங்கே ஊர்க்காரர்கள் கேட்கும் ஒரு கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. “எங்க காட்டு மேலதான் லைன் போவுது, எங்க வீட்டுல மட்டும் கரண்டு இல்ல.” மின்வெட்டு அதிகமாக இருந்த ஆண்டுகளில் டீக்கடை டீக்கடையாக இதைக் கேட்டிருப்போம். பதில் சுவிட்சிங் ஸ்டேஷனில் இருக்கிறது. 400 கேவி லைனில் வழியில் ஒரு கம்பியைக் கட்டி இறக்கிக்கொள்ள முடியாது. அந்த லைனின் இரு முனைகளிலும் உள்ள ரிலேக்கள் தூரத்தைக் கணக்கிட்டுக் காவல் காக்கின்றன. கோளாறு எத்தனை கிலோமீட்டரில் என்று அளந்து, தன் எல்லைக்குள் இருந்தால் உடனே, அப்பால் இருந்தால் சற்றுப் பொறுத்து பிரேக்கரை விடும். நடுவில் ஒரு கிளை முளைத்தால் அந்தக் கணக்கே குழம்பும். முறையான வழி ஒன்று உண்டு. ஓடும் லைனை ஓரிடத்தில் அறுத்து, ஒரு முனையைப் புதிய நிலையத்துக்குள் கொண்டுவந்து, பஸ்பாரில் கட்டி, மறு முனையாக வெளியே அனுப்புவது. லைன்-இன் லைன்-அவுட் என்பார்கள். அதற்கு நிலம், பேக்கள், பிரேக்கர்கள், ரிலேக்கள், பிறகு படிப்படியாக 230, 110, 33, 11 என்று இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் வேண்டும். இத்தனையும் எழுந்த ஊருக்குத்தான் தலைக்கு மேல் போவது கைக்கு எட்டும். ஆக அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதென்றால், எங்கள் பக்கத்தில் ஏன் இன்னும் முற்றம் கட்டவில்லை என்று கேட்க வேண்டும். அது அரசியல் கேள்வி. கேட்கத் தகுந்த கேள்வியும்கூட.

ஜெயங்கொண்டத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. 1990-களில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் வரும் என்று சொல்லி கிராமம் கிராமமாக நிலம் எடுத்தார்கள். இழப்பீடு போதாதென்று வழக்குகள் நடந்தன. ஆண்டுகள் போயின, நிலையம் வரவில்லை. நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தருவது என்று கடைசியில் மாநில அரசு முடிவெடுத்தது. ஒரு தலைமுறை விவசாயிகள் தங்கள் காட்டை விற்கவும் முடியாமல், அடகு வைக்கவும் முடியாமல், முழு மனதோடு உழவும் முடியாமல் நின்றார்கள். உற்பத்தி நிலையம் என்ற பெரிய கனவுக்கு அவ்வளவு நிலம், அவ்வளவு காலம். அதே ஆண்டுகளில் சில ஏக்கர் முற்றங்களும் கம்பிகளும்தான் இந்த மாவட்டங்களின் தொழிலையும் பாசனத்தையும் தாங்கின. வரலாறு எழுதுபவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிர்வாக எல்லைகள் இதற்கிடையே பல முறை மாறின. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனியானது, 2002-இல் மீண்டும் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. மின்சாரத்துக்கு இந்தக் கோடுகள் தெரியாது. பெரம்பலூர் மின்பகிர்மான வட்டம் என்ற ஒரே குடைக்குள் இரு மாவட்டங்களும் இருந்துவந்தன. 2010 நவம்பரில் மின்வாரியம் பிரிக்கப்பட்டபோது உயர் அழுத்த லைன்களும் முற்றங்களும் டான்டிரான்ஸ்கோவுக்கும், ஊருக்குள் பகிர்வது டான்ஜெட்கோவுக்கும் போயின.

பேரளி, மங்களமேடு, புதுவேட்டக்குடி, தேளூர், செந்துறை, தழுதாழைமேடு. செய்தித்தாளின் உள்பக்கத்தில் ‘நாளை மின்தடை’ என்ற சின்னப் பெட்டியில் இந்தப் பெயர்களைப் படித்திருப்பீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு. மாலை வரை கரண்டு இருக்காது. பெரிய 230, 400 கேவி முற்றங்களில் பராமரிப்பு நடக்கும்போது இப்படி ஊர் இருள்வதில்லை. அங்கே பஸ்பார் இரண்டு இருக்கும். ஒரு பிரேக்கரைக் கழற்ற வேண்டுமென்றால் அதன் லைனை மற்றொரு பஸ்பாருக்கு மாற்றி, பஸ் கப்ளர் என்ற பொதுப் பிரேக்கரின் காவலில் விட்டு, வேலையை முடிப்பார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. சின்ன நிலையத்தில் அந்த இரண்டாவது பஸ்பார் இல்லை; அதனால் கிராமத்துக்குத்தான் பகல் முழுக்க வெட்டு. பணம் மிச்சம் பிடிக்கும் வடிவமைப்பின் விலையைக் கொடுப்பவர் கிராமத்து மாவு மில்காரரும் வெல்டிங் கடைக்காரரும். இது மாறவேண்டியது.

அந்தப் பராமரிப்பு நாளில் எல்.சி. என்று ஒன்று நடக்கும். லைன் கிளியர். வேலைக்குப் போகும் ஆள் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஷிஃப்ட் ஆபரேட்டர் பிரேக்கரை விட்டு, ஐசொலேட்டர் திறந்ததைக் கண்ணால் பார்த்து, எர்த் சுவிட்சைப் போட்டு, நோட்டில் நேரத்தோடு எழுதிக் கொடுப்பார். ஐசொலேட்டர் திறந்திருப்பதைக் கண்ணால் பார்ப்பது முக்கியம். பிரேக்கருக்குள்ளே தொடுமுனை பிரிந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. வேலை முடிந்ததும் எல்.சி. வாங்கிய அதே ஆள்தான் திருப்பித் தர வேண்டும். வேறொருவர் “முடிஞ்சிருச்சு, போடுங்க” என்று சொன்னால் போடக்கூடாது. இந்த ஒழுங்கு ஒரு நாள் தளர்ந்த இடங்களில் லைன்மேன்கள் கம்பத்திலேயே கருகியிருக்கிறார்கள். எத்தனை கருவி வந்தாலும் அந்த நோட்டில் உள்ள கையெழுத்துதான் ஒரு குடும்பத்தைக் காக்கிறது.

முற்றங்கள் தவறினால் என்ன ஆகும் என்பதை உலகம் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 1965 நவம்பர் 9 மாலை, கனடாவில் நயாகரா ஆற்றங்கரையில் உள்ள ஒரு நிலையத்தில் ஒரு ரிலே, சுமை கூடியதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு டொராண்டோ போகும் லைனை அறுத்தது. சில நிமிடங்களில் நியூயார்க் உட்பட சுமார் 3 கோடி மக்கள் இருளில். 2012 ஜூலை 30 அதிகாலை நம் நாட்டில் அதே வகைத் தவறு நடந்தது. பினா–குவாலியர் 400 கேவி லைன் தாங்காத சுமையில் இருந்தபோது ரிலே அதைக் கோளாறாகக் கணக்கிட்டு விட்டது. வட இந்தியா இருண்டது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு இன்னும் பெரிதாக விழுந்தது. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலம்.

தென்னகம் விழவில்லை. காரணம், அன்று நம் தொகுப்பு வடக்கோடு ஒரே துடிப்பில் ஓடவில்லை. தால்ச்சர்–கோலார் போன்ற நேர்திசை மின்சார இணைப்புகள் வழியாகத்தான் கொடுக்கல் வாங்கல். அது அறுந்தபோது நம் அதிர்வெண் சரிந்தது. நிலையங்களில் உள்ள ரிலேக்கள் தாமாகவே சில ஃபீடர்களை, அதாவது ஊர்களுக்குப் போகும் லைன்களை, அறுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றின. ஆனால் தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டு ஆறுதல் கொள்ளும் ஆண்டு அல்ல. சென்னைக்கு ஓரிரு மணி நேர வெட்டு. பெரம்பலூர் போன்ற மாவட்டங்களில் கரண்டு இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமான நாட்கள் உண்டு. வெளிமாநிலத்தில் மின்சாரம் மலிவாகக் கிடைத்தபோதும் கொண்டுவரும் வழி குறுகலாக இருந்தது. மணிக்கொரு முறை எந்த ஃபீடரை விடுவது, எதைப் போடுவது என்று பங்கு பிரித்தவர் சின்ன நிலையத்து ஆபரேட்டர். ஊர்ச் சனங்களின் வசவை முதலில் தொலைபேசியில் கேட்டவரும் அவரே. மேலிருந்து வந்த உத்தரவுக்கு அவர் முகமாக நின்றார்.

2013 டிசம்பர் 31 இரவு, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைனில் தென் தொகுப்பு மற்ற இந்தியாவோடு இணைக்கப்பட்டது. இணைப்பது என்றால் சுவிட்சைத் தட்டுவதல்ல. இரு பக்கத்து அழுத்தமும், அதிர்வெண்ணும், அலையின் கட்டமும் ஒன்றுபடும் கணம் பார்த்துப் பிரேக்கரை மூட வேண்டும். தவறினால் இரு பெரும் தொகுப்புகளின் பலமும் அந்த ஒரு லைனில் மோதும். அன்றிலிருந்து, அரியலூரில் ஒரு மில் மோட்டார் கிளம்பும்போது அந்தச் சுமையின் மிக நுண்ணிய பங்கை இமாச்சலத்து நீர்மின் நிலையமும் தாங்குகிறது. நாடு முழுக்க ஒரே 50 சுற்று.

ரயிலைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட வேண்டும். 2010 வாக்கில் விழுப்புரம்–திருச்சி பாதை மின்மயமானது. ரயில் எஞ்சின் மூன்று முனையையும் சமமாக எடுப்பதில்லை. 25 கேவியில் ஒற்றை முனைச் சுமை. வண்டி நெருங்கும்போது ஏறும், போனதும் விழும். இந்தக் கோணல் இழுப்பைத் தாங்க, ரயில்வேயின் ஊட்ட நிலையங்கள் வலுவான உயர் அழுத்த முற்றங்களோடுதான் கட்டப்படுகின்றன.

இன்று தெற்கே ஆரல்வாய்மொழிக் காற்றும் தென்மாவட்டங்களின் சூரிய மின்சாரமும் வடக்கு நோக்கி ஓடுகின்றன. ஆடி மாதத்தில் ஒரு திசை, காற்று ஓய்ந்த மாதங்களில் வேறு திசை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு என்று வடிவமைத்த லைன்களை இருதிசைக்கும் பழக்க வேண்டியிருக்கிறது. அதற்காகப் புதிய முற்றங்களும் புதிய கோபுரங்களும் வருகின்றன. முற்றத்துக்கு நிலத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள். கோபுரம் நிற்கும் காட்டை வாங்குவதில்லை; 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்சாரச் சட்டம் வழியாகக் கடன் வாங்கி, நிலம் உழவர் பெயரிலேயே இருக்கக் கால் ஊன்றுகிறார்கள். அந்தச் சட்டத்தையும், அதற்கு எதிராக உழவர்கள் நடத்திய போராட்டங்களையும் அடுத்த வாரம் பார்ப்போம்.